மருதமுனைத் தறியும் ஜெனீவாக் கையெழுத்தும்

கல்முனை பஸாரில் சாறன் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு வகையை எடுத்துப் போடுவார். ஒன்று வெளிநாட்டுச் சாறன், மற்றது மருதமுனைக் கைத்தறி. கைத்தறிக்கு விலை கொஞ்சம் கூட. இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, நம்மில் பலர் விலை குறைந்ததைத்தான் எடுத்து வருகிறோம். அதைப் பிழை என்று சொல்ல ஏலாது. கையில் உள்ள காசுதான் முடிவெடுக்குது.

ஆனால் அந்த இரண்டு சாறன்களும் ஒரே மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தன? அந்தக் கதை நாம் பரீட்சைக்காகப் பாடமாக்கிய ஆண்டுகளுக்குள் ஒளிந்து கிடக்கிறது: 1948, 1977, 1995. எல்லாம் கொழும்பின் ஆண்டுகள், ஜெனீவாவின் ஆண்டுகள். அவற்றை ஒருதரம் எங்கட கரையில் நின்று பார்ப்போமே.

ஆறு மாதம் ஆகவில்லை

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1947ல் 23 நாடுகள் ஜெனீவாவில் கூடி இறக்குமதித் தீர்வைகளைக் குறைப்பது பற்றிப் பேரம் பேசின. அதிலிருந்து பிறந்ததுதான் 'காட்' எனப்படும் பொது உடன்படிக்கை. இன்றைய உலக வர்த்தக அமைப்பின் மூத்தவாப்பா என்று வைத்துக்கொள்வோம். அந்த 23ல் இலங்கையும் ஒன்று. அப்போது நமக்குச் சுதந்திரம்கூடக் கிடைத்திருக்கவில்லை. 1948 பெப்ரவரி 4 சுதந்திரம். ஜூலை 29ல் இலங்கை அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடு. இடையில் ஆறு மாதம் முழுசாக ஆகவில்லை.

'இணைந்தது' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கையெழுத்துக்கு நூறு வருஷத்துக்கு முந்தியே கோப்பித் தோட்டங்கள் இந்தத் தீவை உலகச் சந்தையோடு கட்டிப் போட்டுவிட்டன. பிறகு தேயிலை, றப்பர், தெங்கு. சுதந்திரம் கிடைத்தபோது ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த மூன்றிலிருந்துதான் வந்தது. அந்தக் காசில் நாடு வெளியிலிருந்து எதை வாங்கியது? முதலில் அரிசி. அதோடு துணி, சீனி.

இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நின்று யோசித்தோம். ஏற்றுமதிப் பட்டியலில் மலையகத்தின் தேயிலை இருக்கிறது, தென்மேற்கின் றப்பர் இருக்கிறது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் விளைந்த நெல், நாடு இறக்குமதி செய்த பட்டியலில் இருக்கிறது. மருதமுனையில் நெய்த துணியும் அதே பட்டியலில். அதாவது எங்கட கரை எதைச் செய்ததோ, அதைத்தான் நாடு வெளியே வாங்கியது. அதனால் வர்த்தகக் கதவு திறந்தாலும் சாத்தினாலும் அது எங்களுக்கு இறக்குமதிப் பக்கத்தால்தான் வந்து முட்டியது. இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் மிச்சக் கதை விளங்கும்.

றப்பருக்கு அரிசி

முதல் சோதனை நாலு வருஷத்தில் வந்தது. கொரியப் போரின்போது ஏறிய றப்பர் விலை விழுந்தது. அரிசி விலையோ உலகச் சந்தையில் ஏறியது. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ஐந்து வருட உடன்படிக்கை செய்தது. வருஷத்துக்கு 270,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் றப்பர் போகும். அதை முன்னின்று செய்தவர் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க. கம்யூனிஸ்ட் நாட்டுக்கு றப்பர் கொடுத்ததற்காக அமெரிக்கா தன் உதவியை மறுத்தது. அப்படியிருந்தும் இலங்கை பின்வாங்கவில்லை. சின்ன நாட்டுக்கும் பேரம் பேசத் தெரியும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

அதே காலத்தில் இன்னொரு வழியும் தேடப்பட்டது. வெளியில் வாங்கும் அரிசியைக் குறைக்க 1949ல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டினார்கள். எங்கட வயல்களுக்கு இன்று வரும் வாய்க்கால் தண்ணீருக்குப் பின்னால் டொலர் கணக்கு ஒன்று இருக்கிறது. அதே திட்டத்தின் குடியேற்றங்கள் காணிப் பிரச்சினையையும் இனக் கசப்பையும் கொண்டுவந்தன. 1956ல் கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வர்த்தக வரலாறு கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடுவதில்லை.

கதவு சாத்திக் கிடந்த காலம்

1960களில் வெளிநாட்டுச் செலாவணி வற்றியது. அரசாங்கம் இறக்குமதியை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தியது. 1970 முதல் 1977 வரை அது உச்சத்துக்குப் போனது. பாணுக்கு வரிசை, பருப்புக்குத் தட்டுப்பாடு. அந்தக் காலத்தைப் பற்றி எங்கட மூத்தம்மாமாரிடம் கேட்டால் முதலில் மரவள்ளிக் கிழங்குக் கதைதான் வரும். அது பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை.

ஆனால் மருதமுனைக்கு அந்தக் காலத்துக்கு இன்னொரு முகம் உண்டு. வெளித்துணி வராததால் உள்ளூர்த் துணிக்குச் சந்தை கிடைத்தது. வேயங்கொடை, துல்ஹிரிய போன்ற இடங்களில் அரசாங்க ஆலைகள் இயங்கின. நெசவாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நூல் கிடைத்தது. ஒரு தறி என்றால் ஒரு ஆளின் வேலை இல்லை. நூல் சுற்றுபவர், சாயம் போடுபவர், பாவு ஓட்டுபவர், நெய்பவர், மூட்டை கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர் என்று ஒரு வளவே அதில் சாப்பிட்டது. பெண்கள் வீட்டை விட்டு வெளிக்கிடாமலே உழைத்தார்கள்.

ஊரில் வயதான நெசவாளர் ஒருவரோடு நாங்கள் இருந்து கதைத்தபோது அவர் சொன்னார்: "அப்ப தெருவால போனா தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இரிக்கும் மனே. எழுபத்தேழுக்குப் பொறகு ஒவ்வொரு வீடா சத்தம் நிண்டிச்சி."

1977

ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தன பெருவெற்றி பெற்றார். நவம்பரில் நிதியமைச்சர் றொனி டி மெல்லின் வரவு செலவுத் திட்டம் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெருமளவு நீங்கின. ரூபாய் மிதக்க விடப்பட்டு, டொலருக்குச் சுமார் 16 ரூபாய் என்று இறங்கியது. தென்னாசியாவில் முதலில் பொருளாதாரத்தைத் திறந்த நாடு இலங்கைதான்; இந்தியா அதைச் செய்ய 1991 வரை எடுத்தது.

கல்முனை பஸாருக்கு இது நல்ல காலம். புடவைக் கடைகளில் சரக்கு நிறைந்தது. வியாபாரிகள் வளர்ந்தார்கள். அதே பஸாருக்குப் பக்கத்து ஊரில் தறிகள் நின்றன. ஒரே ஊர்க்கூட்டத்துக்குள் ஒருவருக்கு வரவு, மற்றவருக்குச் செலவு. மலிவுத் துணி ஏழைக்கும் உடுக்கக் கிடைத்தது என்பதும் உண்மை, நெய்து பிழைத்த ஏழையின் கூலி போனதும் உண்மை.

தறி நின்ற வீடுகளில் என்ன நடந்தது? கட்டுநாயக்கவில் 1978ல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அது எங்கட பக்கத்தில் இல்லை. எங்கட பக்கத்தில் திறந்த கதவு மத்திய கிழக்கு. வாப்பாமாரும் உம்மாமாரும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனார்கள். துணி ஏற்றுமதியாக வேண்டிய ஊரிலிருந்து ஆள் ஏற்றுமதியாகியது. பின்னால் வந்த போர் அந்தப் பயணத்தை இன்னும் கூட்டியது.

துணி இல்லாத ஆடை நாடு

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1980களில் ஆடை இலங்கையின் முதல் ஏற்றுமதியாகித் தேயிலையை முந்தியது. ஆடை ஏற்றுமதி ஏறும்போது நெசவு ஏன் விழுந்தது?

விடை உலக விதிகளில் இருக்கிறது. 1974லிருந்து பணக்கார நாடுகள் தங்கள் ஆலைகளைக் காப்பாற்ற, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வரலாம் என்று கோட்டா வைத்தன. ஹொங்கொங் போன்ற இடங்களின் கோட்டா நிரம்பியதும் முதலாளிமார் கோட்டா மிச்சமிருந்த நாடுகளைத் தேடினார்கள். இலங்கை கிடைத்தது. துணி வெளியிலிருந்து வந்தது, இங்கே வெட்டித் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சங்கிலியில் மருதமுனைத் தறிக்கு இடமே இருக்கவில்லை. ஏழை நாடுகளுக்குத் 'திறந்துவிடு' என்று சொன்னவர்கள், தங்கள் துணிச் சந்தையை மட்டும் முப்பது வருஷம் எண்ணி எண்ணித்தான் திறந்தார்கள்.

1995 ஜனவரி 1ல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது இலங்கை அதன் ஆரம்ப உறுப்பினர். கோட்டாக்கள் பத்து வருஷத்தில் ஒழியும் என்று முடிவானது. அந்தக் கெடு 2005 ஜனவரி 1.

அதற்கு ஆறு நாள் முந்தி, 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை கரையோரம் தரைமட்டமானது. மருதமுனையில் கடலோர வீடுகளோடு அவற்றுக்குள் இருந்த தறிகளும் போயின. உலக ஆடை வர்த்தகத்தின் விதி மாறிய அன்று நம்மவர்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஜனாஸாக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உதவியாகத் தறிகள் வந்தன. ஆனால் தறி கொடுப்பது லேசு, சந்தை கொடுப்பதுதான் கஷ்டம்.

எங்கட வாசலில் ஒரு துறைமுகம்

உலக வர்த்தகத்தின் கதவு ஒருதரம் எங்கட கரைக்கே வந்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கப்பல்துறை அமைச்சராக இருந்த காலத்தில் ஒலுவில் துறைமுகக் கனவு பெரிதாகப் பேசப்பட்டது. டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். வணிகக் கப்பல்கள் வரவில்லை. வாயை மணல் மூடியது. அலைதாங்கிக்கு வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் தென்னந்தோப்புகளைத் தின்றது. கதவைக் கட்டியவர்கள் மணல் எந்தப் பக்கம் நகரும் என்று கரைவலைக்காரரிடம் கேட்டிருக்கலாம்.

இனி?

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தது. டொலர் இல்லாமல் இறக்குமதி இறுகியது. பழைய கணக்குப்படி தறிக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது நூலும் சாயமும் வெளியிலிருந்து வருகின்றன. அதனால் சாத்திய கதவும் நெசவாளரைத்தான் அடித்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தது. பிறகு அதை 20க்குக் குறைத்தது. எங்கட ஊர்களிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளின் சம்பளம் அப்போது அந்த எண்ணில் தொங்கியது.

ஆகவே 'திறந்த பொருளாதாரமா, மூடிய பொருளாதாரமா' என்று பட்டிமன்றம் வைப்பதில் எங்களுக்கு நாட்டமில்லை. இரண்டிலும் எங்கட கரை வாழ்ந்தும் இருக்கிறது, அடிபட்டும் இருக்கிறது. இரண்டு தரமும் கதவுக்குப் பக்கத்தில் நின்றவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் மாறாதது. 1977ல் தறிகளுக்கு ஐந்து வருஷத் தவணை கொடுத்திருந்தால்? நூலுக்கும் வடிவமைப்புக்கும் விற்பனைக்கும் வழி செய்துவிட்டுத் திறந்திருந்தால்? பணக்கார நாடுகள் தங்கள் ஆலைகளுக்கு முப்பது வருஷம் எடுத்துக்கொண்டனவே.

அடுத்த வர்த்தக ஒப்பந்தம் வரும்போது அதை வாசிக்கிற பொடியன்களும் பிள்ளைகளும் இந்தக் கரையில் இருக்க வேண்டும். அதற்கு முந்தி ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் தறி இருந்ததா, எந்த வருஷம் நின்றது, அதற்குப் பிறகு யார் எங்கே உழைக்கப் போனார் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஜெனீவாவில் எல்லாக் கையெழுத்துக்கும் பதிவு இருக்கிறது. நின்ற தறிகளுக்குத்தான் இல்லை.