ஆங்கிலம் படித்தவர்களிடம் ஒரு கோரிக்கை



கடலூரிலும் சிதம்பரத்திலும் எம்.ஏ. ஆங்கிலம் சேரும் நம் பிள்ளைகளை ஊர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீட்டுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. பதிலை வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1929இல் அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. அந்தப் பள்ளியிலிருந்து இந்தப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால், சேரியிலிருந்து முதுகலை வகுப்புக்குப் போய்ச்சேர நமக்குத் தலைமுறைகள் பிடித்தன.

காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்த ஐயா எல். இளையபெருமாள் 1952இல் நாடாளுமன்றம் சென்றார். 1965இல் தீண்டாமை பற்றி ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானார். 1969இல் அறிக்கை வந்தது, ஆங்கிலத்தில். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றது அது. அந்தப் பரிந்துரையைக் காட்டியே தமிழ்நாடு அரசு 1970இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 1972இல் உச்ச நீதிமன்றமும் அதைப் பேச நேர்ந்தது. சேரியின் வலி அரசு படிக்கும் மொழியில் பதிவானதால் நடந்தது இது.

இன்று எம்.ஏ. முடித்தவர்கள் பி.எட். படித்து ஆசிரியர் தேர்வு எழுதுகிறார்கள். நெட், செட் எழுதிக் கல்லூரிக்கு முயல்கிறார்கள். பலர் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். நிரந்தரப் பணியிடம் கேட்டுப் போராடுவது நம் கடமை. அதோடு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது.

வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் தமிழில் சாட்சி சொல்கிறாள். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால் அவள் சொல் ஆங்கிலமாக வேண்டும். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் இரண்டின் மொழியும் அதுதான். "காலனிக்காரன்" என்ற வசவில் இருக்கும் நஞ்சை அறியாதவர் மொழிபெயர்த்தால், குற்றமே காகிதத்தில் காணாமல் போகும். இலக்கியத்திலும் அப்படித்தான். கடலூர் மாவட்டத்து இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. 2001இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றார். அவருக்கு நன்றி சொல்வோம். அடுத்த நூல்களை நம் பிள்ளைகளும் கொண்டுசெல்ல வேண்டாமா?

நீதிமன்ற மொழிபெயர்ப்பு, சட்டம், இதழியல், பதிப்பு என எதில் நுழைந்தாலும் சேரியில் கேட்ட தமிழை மறந்துவிடாதீர்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தமிழும் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.