கண்ணொளி குன்றிய தையற்காரி: அமாலியா டொமிங்கோ சோலெரும் ஸ்பானிய ஆவியுலகக் கோட்பாடும்

ஆவியுலகக் கோட்பாட்டைப் பற்றிப் பேசும் மார்க்சியர் பெரும்பாலும் எங்கெல்சின் ஏளனத்தோடு அமைந்துவிடுவர். வாலஸ், குறூக்ஸ் முதலிய ஆங்கில விஞ்ஞானிகள் இருட்டறைகளில் ஏமாந்தமையை 1878ஆம் ஆண்டளவில் எழுதிய கட்டுரையில் அவர் எள்ளி நகையாடினார். அது நியாயமானதே. ஆயின், இலண்டனின் வரவேற்பறைகளுக்குப் பொருந்திய அவ்விளக்கம், பார்சலோனாவை அடுத்திருந்த கிராசியா என்னும் தொழிலாளர் ஊருக்கும் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

அமாலியா (1835–1909) செவில் நகரிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பார்வை குன்றியவர். 1860இல் தாயை இழந்தபின் தையலே அவரது பிழைப்பாயிற்று. மட்ரிட் நகரில் அத்தையலே எஞ்சிய பார்வையையும் தின்றது. கண்கெட்ட தையற்காரியின் உழைப்புச் சக்தியை வாங்குவார் யார்? பிறர் தருமத்தை நாடி நின்ற அப்பெண்ணின் எழுத்தை 1872இல் ஆவியுலகவாதிகளின் ஏடொன்று வெளியிட்டது. 1876இல் பார்சலோனா சென்ற அவர், 1879 முதல் 'எதிர்கால ஒளி' என்னும் வார இதழின் ஆசிரியரானார். பெண்களே பெரிதும் எழுதிய அவ்விதழ் தொடக்கத்திலேயே அரசின் தடைக்குள்ளாகி, சிலகாலம் வேறு பெயரில் வெளிவந்தது.

அவரை ஆவியூடகர் என்பதிலும் ஊடகரின் எழுத்தாளர் என்பதே பொருந்தும். யூடால்டோ பகேஸ் என்பார் மயக்கநிலையிற் கூறியவற்றை அமாலியா எழுத்தாக்கினார். 'பாதிரியார் ஹெர்மானின் நினைவுகள்' அவ்வாறு உருவானதே.

1861 ஒக்டோபர் 9ஆந் திகதி பார்சலோனாவில், ஆயரின் ஆணைப்படி, கார்டெக் முதலியோரின் முந்நூறு நூல்களும் ஏடுகளும் எரிக்கப்பட்டன. திருச்சபையின் பகையே இக்கோட்பாட்டைக் குடியரசுவாதிகளின் பக்கம் தள்ளியது எனலாம். 1873இல், முதலாங் குடியரசின் நாடாளுமன்றத்தில், அதனைக் கல்விக்கூடங்களிற் கற்பிக்கவேண்டுமென்ற பிரேரணைகூட முன்வைக்கப்பட்டது. அராஜகவாதியான தெரேசா கிளாரமுந்தோடு சேர்ந்து பெண்கள் சங்கம் அமைத்தவர்களுள் அமாலியாவும் ஒருவர்.

எனினும் அவரது எழுத்தின் முரண்பாட்டை மறைத்தல் தகாது. பிறவிக்குருடர், முடவர், கைதிகள் ஆகியோரின் துயரச் செய்திகளை எடுத்து, 'இவர் இவ்வாறு வருந்துவதேன்?' என ஆவிகளை அவர் வினவுவார். விடை பெரும்பாலும் ஒன்றே: முற்பிறவிக் குற்றம். முன்வினைக் கொள்கையோடு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. பாதிரியாரின் நரகத்தை மறுத்தவர், வறுமைக்கும் ஊனத்துக்கும் வேறொரு கணக்கேட்டைத் திறந்துவைத்தார். தையலுக்குக் கிடைத்த கூலி அவ்வேட்டில் இடம்பெறவில்லை. தமது துன்பங்களுக்கும் அவர் அவ்விளக்கத்தையே ஏற்றார்.