பழைய காரின் மதிப்பு

பழைய கார் வைத்திருக்கிறவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், "இதை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. நான் கேட்டுவிட்டேன்.

மாமல்லபுரம் போகும் வழியில், திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஓர் இளநீர்க் கடை. அதன் நிழலில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்தக் காரில் எஞ்சினின் மேல்மூடி மட்டும் தனியாகத் திறப்பதில்லை. விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முகப்பு முழுவதுமே முன்பக்கம் சாயும். உள்ளே தலையை நீட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கேள்வி காதில் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"விற்கிற சாமான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள், சார்?" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இளநீர் வாங்கிக் கொடுத்த பிறகு, வண்டியின் கதையைச் சொன்னார். அவருடைய தகப்பனார் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. வாங்கிய மறுமாதமே, கொடுத்த விலைக்கு மேல் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வாசலில் வந்து நின்றாராம். முப்பது வருஷம் கழித்து அதே வாசலில் ஒரு பழைய இரும்பு வியாபாரி வந்து, எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். இப்போதோ யார் யாரோ டெலிபோனில் கூப்பிட்டு லட்சக் கணக்கில் பேசுகிறார்களாம்.

"வண்டி அதே வண்டிதான், சார். மாறினதெல்லாம் கேட்கிறவர்கள்" என்றார்.

செங்கற்பட்டு ஜில்லாவின் மோட்டார் சரித்திரமே இதில் அடங்கியிருக்கிறது. ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் டிரயம்ப் என்ற பெயரோடு பிறந்தது. அதற்கு உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் வண்டலூர்த் தொழிற்சாலையில் அது தயாராயிற்று. அதே வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கி ஆங்கிலேயர்கள் 1962-ல் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற பிரசித்தி பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் எட்டாக் கனியாக இருந்த காலத்தில், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் இந்த இரட்டைக் கதவு வண்டிதான் நம் வாலிபர்களுக்கு அந்த ஆசையைத் தீர்த்து வைத்தது.

பழைய ஜில்லாவின் வடகோடியில் சோழவரம் இருந்தது. உலக யுத்த காலத்து விமானத் தளமொன்றில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அவற்றை நடத்தினார்கள். பந்தயக் காரைப் போல வேகமாக மதிப்பு இழக்கும் பொருள் வேறு கிடையாது. அடுத்த வருஷத்து வண்டி அரை விநாடி முந்தினால் போதும். இந்த வருஷத்து வண்டி கிழவனாகிவிடும். ஆனால் 1980-களில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய பார்முலா ஒன் காரைச் சோழவரத்தில் ஓட்டியபோது, ஐரோப்பா கழித்துக்கட்டிய அந்த வண்டி இங்கே எல்லோரும் வாய்பிளந்து பார்க்கும் அதிசயமாயிற்று. பழசு என்பதுகூட ஊருக்கு ஊர் மாறுகிறது!

பஞ்ச காலத்தில் எந்தப் பொருளும் விலை இறங்குவதில்லை. அம்பாஸடர், பியட், ஹெரால்டு என்று மூன்றே கார்கள் இருந்தவரையில் பழைய கார் தங்கம்போல் விலை போயிற்று. 1983 டிசம்பரில் மாருதி வந்ததும் அந்தக் கணக்குப் புரண்டது. வண்டலூர்க்காரர்கள் 1985-ல் ரோவரின் அழகிய உடலுக்குள் தங்கள் பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தார்கள். சில வருஷங்களில் அதுவும் நின்றது, தொழிற்சாலையும் நின்றது. அதோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை ஸ்டாண்டர்டு கார்களும் தாயில்லாப் பிள்ளைகளாயின. உதிரி பாகம் கிடைக்குமா என்ற பயம் வந்துவிட்டால், பளபளக்கும் வண்டிக்கும் பாதி விலைதான்.

அதே நெடுஞ்சாலையில் சற்றுத் தெற்கே மறைமலைநகரில் அந்தக் கதை மறுபடி நடந்தது. அங்கே ஃபோர்டு கம்பெனி 1999-ல் ஐகான் என்ற துடியான காரை வெளியிட்டது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் இனிக் கார் தயாரிப்பதில்லை என்று அறிவித்தது. பழுது பார்ப்பதும் உதிரி பாகமும் தொடரும் என்று கம்பெனி சொல்லியும், வாங்க வந்தவர்கள் தயங்கினார்கள். தயக்கத்துக்குச் சந்தையில் விலைக் குறைப்பு என்று பெயர்.

சட்டமும் வயதைக் கணக்கெடுக்கிறது. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 50 வயதைத் தாண்டி, மூல உருவம் மாறாமல் இருந்தால், 2021-ல் வந்த விதிப்படி அது புராதன வாகனம். தனி எண் பலகை கிடைக்கும், கௌரவம் கிடைக்கும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே தெருவுக்கு வரலாம். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கிற வண்டியோ வெறும் பழைய வண்டி. பெரும்பாலான கார்கள் அந்த முப்பத்தைந்து வருஷத்தில்தான் உடைபடுகின்றன.

"நீங்கள் புராதனப் பதிவு வாங்கிவிட்டீர்களா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"பையன் வாங்கச் சொல்கிறான். வாங்கினால் இப்படி இளநீர் குடிக்க வர முடியாதே, சார்! சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன்" என்றார்.

பிறகு ஒரு கந்தல் துணியை எண்ணெயில் நனைத்து, சட்டத்தின் அடியில் துடைக்கத் தொடங்கினார். உப்புக் காற்று பொல்லாதது. கடலோரம் வந்து போனால் அன்றைக்கே துடைத்தாக வேண்டும் என்றார். எனக்கு எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தார்கள். 'என் உயிர்' என்று சொல்லிக்கொண்டே வேப்ப மரத்தடியில் காரை மக்க விட்டவர்கள். அவர்களும் விற்கவில்லைதான்.

அன்று மாலை கடற்கரைக் கோயிலின் முன் நின்றேன். அதற்கு யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் உப்புக் காற்று அதையும் அரிக்கத்தான் செய்கிறது. அலையைத் தடுக்கக் கல் போட்டு, மணலைத் தடுக்கச் சவுக்கு நட்டு, அதைக் காப்பாற்றி வருகிறார்கள். பல்லவன் கட்டிய கல்லுக்கே இவ்வளவு ஊழியம் தேவைப்படுகிறது. வண்டலூரில் செய்த தகரத்துக்கு ஒரு கந்தல் துணியாவது வேண்டாமா?