பாலை கடந்த வீட்டு வண்டிகள்

கேம்பர் வேன் என்பது படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை உள்ளேயே கொண்ட மோட்டார் வண்டி. 1950களின் நடுவிலிருந்து 1979 வரை இத்தகைய வண்டிகளிலும், பேருந்துகளிலும், பழைய ஜீப்புகளிலும் ஐரோப்பியர் பலர் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குத் தரைவழியே வந்தனர். அப்பயணத்தின் கடினமான பகுதி கிழக்கு ஈரான், தெற்கு ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான் ஆகியவற்றின் பாலைநிலம். தரைவழி வந்தவர்களில் ஒரு கூட்டத்தார் தமிழ்நாட்டிலேயே குடியமர்ந்தனர். ஆகவே இதில் நம் வரலாறும் கொஞ்சம் இருக்கிறது.

தொடக்கம்

1955 செப்டம்பர் 1 அன்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச் 6இல் சிங்கப்பூரை அடைந்தனர். அடுத்த ஆண்டே காசு கொடுத்துப் பயணச்சீட்டு வாங்கிச் செல்லும் வழியாக இது மாறிவிட்டது. ‘இந்தியாமேன்’ என்ற பேருந்து 20 பயணிகளுடன் 1957 ஏப்ரல் 15இல் லண்டனை விட்டு, ஜூன் 5இல் கல்கத்தா வந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு.

சொந்தமாக வண்டி வைத்துக்கொண்டு வந்தவர்கள் பெரிதும் விரும்பியது போக்ஸ்வாகன் வேன். 1950இல் உற்பத்திக்கு வந்த இந்த வண்டிக்கு எஞ்சின் பின்புறம் இருக்கும். அது காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் இல்லாததால் கொதிக்கவும் ஒழுகவும் தண்ணீரே இல்லை. குடிநீரை அளந்து குடிக்க வேண்டிய இடத்தில் வண்டிக்கும் பங்கு கொடுக்க வேண்டாம் என்பது சின்ன வசதி அல்ல. தொல்லை தந்தது புழுதிதான். காற்று வடிகட்டியை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும்.

இரண்டு வழிகள்

தெஹ்ரானுக்குக் கிழக்கே வழி இரண்டாகப் பிரியும். வடக்கு வழி மஷாத், ஹெராத், காந்தஹார், காபூல், கைபர் கணவாய், லாகூர் என்று வரும். இதில் ஹெராத்–காந்தஹார் சாலையைச் சோவியத் ஒன்றியமும், காந்தஹார்–காபூல் சாலையை அமெரிக்காவும் போட்டுக் கொடுத்தன. பனிப்போர்க் காலத்துப் போட்டியின் பலனை ஊர்சுற்றிகள் அனுபவித்தார்கள்.

தெற்கு வழி கெர்மான், பாம், ஸஹேதான், நோக் குண்டி, தால்பந்தின், குவெட்டா எனச் செல்வது. சரளைச் சாலை தகரக் கூரை போல வரிவரியாக மேடுதட்டிக் கிடக்கும். மெதுவாகப் போனால் வண்டி கழன்றுவிடும். கொஞ்சம் வேகமாக ஓட்டினால் சக்கரம் மேடுகளின் தலையைத் தொட்டுக்கொண்டே போய்விடும். வடக்கே லூத் பாலை. 2005இல் அதன் தரைவெப்பம் 70.7 செல்சியஸ் எனச் செயற்கைக்கோள் பதிவு செய்தது.

மண்ணுக்கடியில் ஆறு

இந்த வழியில் ஊர்கள் ஏன் அந்தந்த இடத்தில் இருந்தன என்று கேட்டால் விடை தரைக்கு அடியில் கிடைக்கும். ஈரானில் ‘கனாத்’ என்றும், ஆப்கானிஸ்தானிலும் பலூசிஸ்தானிலும் ‘காரேஸ்’ என்றும் சொல்வார்கள். மலையடிவாரத்தில் ஊற்று மட்டம் வரை தாய்க்கிணறு ஒன்றைத் தோண்டி, அங்கிருந்து மிகச் சிறிய சரிவில் ஊர் வரை சுரங்கக் கால்வாய் வெட்டுவார்கள். இடையிடையே மண் எடுக்கவும் காற்று போகவும் செங்குத்தான குழிகள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் எறும்புப் புற்றுகள் வரிசையாக இருப்பது போலத் தெரியும். நீர் வெயிலைக் காணாமல் பல கிலோமீட்டர் ஓடி வரும். இறைக்க மாடும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயை, ‘புது ஆறு’ என்று இன்றும் சொல்கிறோம். அதன் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களுக்கு முறைப்பாசனம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கனாத் நீரையும் முறை வைத்தே பங்கிட்டார்கள். அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த பாத்திரத்தில் மிதக்க விடுவார்கள். அது நிரம்பி மூழ்கும் நேரம் ஒரு பங்கு. நம் பழைய நாழிகை வட்டிலுக்கும் இதுதான் தத்துவம். லூத் பாலையும் பாரசீகக் கனாத்துகளும் 2016ஆம் ஆண்டு ஒன்றாகவே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. வேனில் வந்தவர்கள் எழுதிய பயண நூல்களைப் படிப்போர், ‘வெறுமை’ என்ற சொல் வரும் இடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆரோவில்லுக்கு வந்த கூட்டம்

1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாரிசிலிருந்து ஒரு வண்டித்தொடர் தரைவழியே அங்கு வந்து சேர்ந்தது. குயிலாப்பாளையத்தை ஒட்டி ‘ஆஸ்பிரேஷன்’ என்ற குடியிருப்பு இவர்கள் வருகையோடு உருவானது. 1974இல் இன்னொரு வண்டித்தொடர் வந்தது.

பாலை கடந்து வந்தவர்கள் கண்டது மரமற்ற செம்மண் மேடு. மழைநீர் மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய், ஆழமான ஓடைகளை விட்டுச் சென்றிருந்தது. குறிஞ்சியும் முல்லையும் வளமிழந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதற்கு நேரடிச் சான்று போன்ற நிலம். வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தி, மரம் நடும் வேலை தொடங்கியது. இந்த வரலாற்றில் வண்டியில் வந்தவர்களின் பெயர்களே அதிகம் பதிவாகியிருக்கின்றன. மண் வெட்டி, குழி தோண்டி, கன்றுக்குத் தண்ணீர் சுமந்த சுற்றுக் கிராமத்து ஆண்களும் பெண்களும் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

வழி அடைபட்டது

மணலை வெல்ல வண்டி இருந்தது. எல்லையைக் கடக்கக் காகிதம் வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் வண்டியைச் சுங்கவரி இன்றிக் கொண்டுவர, மோட்டார் சங்கம் பிணை கொடுத்து வழங்கும் ‘கார்னே’ என்ற ஏடு தேவைப்பட்டது. வண்டியைத் திரும்பக் கொண்டு போகாவிட்டால் முழு வரியும் கட்ட வேண்டும். இந்தியா–பாகிஸ்தான் போர்கள் 1965, 1971 ஆண்டுகளில் கடைசிக் கட்டத்தை முடக்கின. 1979 பிப்ரவரியில் ஈரான் புரட்சி, அதே ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. பத்தே மாதத்தில் பாதை துண்டுபட்டது.

தெற்கு வழி மட்டும் பெயருக்கு மிஞ்சியது. அண்மைக் காலத்தில் ஈரான் எல்லையிலிருந்து குவெட்டா வரை அயல்நாட்டு வண்டிகள் ஆயுதக் காவலுடனே செல்ல நேர்ந்தது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் வளைகுடா வரை ஓட்டி, அங்கிருந்து வண்டியைக் கப்பலில் ஏற்றி இந்தியாவில் இறக்கிக்கொள்கிறார்கள். 2025 ஏப்ரலில் பஞ்சாபின் அட்டாரி எல்லைச் சாவடியையும் இந்தியா மூடியது.