குடாநாட்டுத் தையல் மெசின்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் மூன்று தலைமுறைக்கு உழைத்த பொருட்களைக் கணக்கெடுத்தால், அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அடுத்ததாகத் தையல் மெசினைச் சொல்லலாம். ஆனால் அம்மிக்கு உதிரிப்பாகம் தேவையில்லை. தையல் மெசினோ ஒரு பொபின் இல்லாமற் போனாலும் ஊமையாகிவிடும். ஒரு மெசின் எவ்வளவு காலம் ஓடும் என்பதை அதன் இரும்பின் உறுதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்குரிய சிறு பாகம் கடையில் கிடைக்கிறதா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. போர்க்காலத்தில் எமது தாய்மார் இதை நன்கு அறிந்திருந்தனர்.

குடாநாட்டில் பெண்கல்வியும் தையலும் சேர்ந்தே வளர்ந்தன. 1824 இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோதே எழுத்தும் வாசிப்பும் போலத் தையலும் பாடமாயிற்று. அது கைத்தையல். மெசின் பின்னரே வந்தது. சிங்கர் கொம்பனி 1877 இல் இலங்கையில் வியாபாரத்தைத் தொடங்கியது. 1905 இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நீண்டபின் கொழும்புச் சரக்கு வடக்கே வருவது எளிதாயிற்று. தவணைக் கட்டண முறையை உலகெங்கும் பரப்பிய கொம்பனிகளுள் சிங்கர் முன்னோடியாகும். முழுப்பணமும் கையில் இல்லாத குடும்பமும் மெசினை வாங்க அம்முறை வழிசெய்தது. பலர் அதைப் பெண்பிள்ளைக்குச் சீதனத்தோடு கொடுத்தனுப்பினர்.

எமது வீடுகளில் உள்ள பழைய சிங்கர் மெசின்களின் பிறப்பிடத்தை அறிவது கடினமன்று. அடித்தட்டில் பொறித்த தொடரிலக்கம் ‘ஈஏ’, ‘ஈபி’, ‘ஈசி’ என ஈரெழுத்துகளுடன் தொடங்கினால், அது 1930களின் நடுப்பகுதிக்குப் பின் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது. ‘15கே’ என்பதில் வரும் ‘கே’ அத்தொழிற்சாலை நின்ற கில்போவி என்ற இடத்தைக் குறிக்கும். அத்தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே பிறந்த மெசின்கள் இன்னும் இங்கே ஓடுகின்றன.

எல்லாம் ஒரேபோல் ஓடவில்லை. 27, 28 ஆகிய வகைகளில் நீண்ட, மெல்லிய பொபின் ஒன்று படகு போன்ற கூட்டினுள் இருந்து முன்னும் பின்னும் ஆடும். 15 ஆம் வகையில் வட்டமான பொபின் ஒரு கேஸினுள் அமரும். ஊசி இரண்டுக்கும் பொதுவானது. படகும் நீண்ட பொபினும் தொலைந்தால் மாற்றுத் தேடுவது பெரும்பாடு. இவற்றுக்கும் முந்திய 12 ஆம் வகைக்குரிய ஊசியே வேறு. அந்த ஊசி அருகியபின், நல்ல நிலையில் உள்ள மெசினும் அலங்காரப் பொருளாக மூலையில் நிற்கவேண்டியதாயிற்று.

15 ஆம் வகை பிழைத்ததற்குக் காரணம், அது ஒரு கொம்பனியின் தனிச்சொத்தாக நின்றுவிடாமையே. இரண்டாம் உலகப் போருக்குப்பின் யப்பானியத் தொழிற்சாலைகள் அதே அமைப்பைப் பொது அளவுகளுடன் பெருந்தொகையாகச் செய்தன. சீனாவிலும் அவ்வாறே செய்யப்பட்டது. ஆகவே சிங்கரின் பொபின்கேஸ் தேய்ந்தால் வேறொரு நாட்டில் செய்த பொபின்கேஸ் அங்கே பொருந்தும். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் இந்தப் பொதுமை கைகொடுத்தது.

அதன் முழுப் பெறுமதியும் 1990 இற்குப் பின்னரே தெரிந்தது. அவ்வாண்டு நான் ஐந்தாம் வகுப்பு மாணவி. மின்சாரம் நின்றது, புகையிரதம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரத்தில் ஓடியவை எல்லாம் அடங்கின. காலால் மிதிக்கும் மெசின் மட்டும் ஓடியது. சீருடைகள், இரவல் துணியிற் சட்டைகள், பழைய சேலையிற் பாவாடைகள் எல்லாம் அதில்தான் உருவாகின. கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்கு அதுவே வீட்டு வருமானம். கிளாலிக் கடலேரியைப் படகிற் கடந்துவந்த சாமான்களுக்குள் ஒரு பெட்டி ஊசியும் வந்திருந்தால் அது அவர்களுக்குப் பெரும்பேறு. தோல்வார் அறுந்தால் கயிறு கட்டினர். பொபின் சுற்றும் சில்லின் றப்பர் வளையத்துக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டனர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, மேசையை விட்டுவிட்டு, பிணைக்கும் இரு திருகாணிகளைத் தளர்த்தி, மெசின் தலையை மட்டும் சைக்கிளிற் கட்டிக் கொண்டுபோனவர்களும் உண்டு.

திருத்துபவர்களின் முறை மருத்துவரின் முறையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. பெருநோயை ஐயுறுமுன் எளிய காரணத்தைத் தேடுவார்கள். தையல் தவறினால் முதலில் ஊசியை மாற்றுவார்கள். வளைந்த ஊசியும் தலைமாறிப் பூட்டிய ஊசியுமே பாதிப் பிணிக்குக் காரணம். அடுத்து நூல் கோத்த ஒழுங்கு, அதன்பின் பொபின்கேஸில் அடைந்த பஞ்சு. மெசின் இறுகியிருந்தால், பல ஆண்டுகளுக்கு முன் விட்ட தேங்காயெண்ணெய் பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெயால் அதை இளக்கித் துடைத்து மெசின் எண்ணெய் விடுவார்கள். இவ்வளவுக்கும் சரிவராவிட்டால் மட்டுமே ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரத்தைத் தொடுவார்கள்.

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் பாகங்கள் வந்தன; அவற்றோடு மலிவான புதிய மின்மெசின்களும் ஆயத்த ஆடைகளும் வந்தன. பழைய மெசின்கள் பல இன்று பழைய இரும்புக் கணக்கில் நிறுத்து விற்கப்படுகின்றன. திருத்தத் தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டனர்.

ஆகவே உலகெங்கும் வாழும் பழைய மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். பூட்டியிருக்கும் உங்கள் வீட்டை விற்குமுன் அங்குள்ள மெசினைத் திறந்து பாருங்கள். தொடரிலக்கத்தையும் பொபினின் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வட்டப் பொபினானால் தூக்கிப் பாருங்கள்: இரு பக்கமும் தட்டையாக இருப்பது 15 ஆம் வகை, சற்றே குவிந்திருப்பது 66 ஆம் வகை. ஒன்றன் இடத்தில் மற்றது வேலை செய்யாது. நீண்ட பொபினானால் படகையும் அதனோடு பத்திரப்படுத்துங்கள். மெசினை விட அரிதானது அது. பின்னர், தைத்துப் பிழைக்க விரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்த மெசினைக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு பெட்டி ஊசியும் பத்துப் பொபினும் ஒரு பொபின்கேஸும் சேர்த்துக் கொடுங்கள். பாகம் இல்லாத மெசின் அவருக்குப் பாரமாகும். பாகத்தோடு கொடுத்தால் அது தொழிலாகும்.