நீதிக்கட்சியின் இறுதி ஆண்டுகள் (1937–1944)

நீதிக்கட்சியைப் பற்றிப் பள்ளிப் பாடங்களில் கடைசியாக வரும் வரி பெரும்பாலும் இதுதான்: 1944இல் சேலம் மாநாட்டில் அக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. வகுப்பில் நானும் பல ஆண்டுகள் அந்த வரியை அப்படியே சொல்லிக் கடந்திருக்கிறேன். கடைக்காரர் பெயர்ப்பலகையை மாற்றியது போன்ற எண்ணத்தையே அது மாணவர்களிடம் உண்டாக்கும். சேலத்தில் நடந்தது அதுவன்று. ஆட்சியை இழந்த ஒரு கட்சி, யார் தலைமையில் எதற்காக இயங்குவது என்று ஏழு ஆண்டுகள் தடுமாறிய பின் எடுத்த முடிவு அது. அம்முடிவை ஏற்காமல் விலகியவர்களும் இருந்தனர். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது.

தோல்விக்கு முன்

1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கமாகத் தோன்றி, தான் நடத்திய 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில நாளிதழின் பெயரால் நீதிக்கட்சி என அறியப்பட்ட இக்கட்சி, இரட்டையாட்சி நடந்த 17 ஆண்டுகளில் 13 ஆண்டுகள் சென்னை மாகாணத்தை ஆண்டது. வகுப்புவாரி அரசாணை, இந்து அறநிலையச் சட்டம், ஆந்திரப் பல்கலைக்கழகம் என அதன் சாதனைகள் நன்கு அறியப்பட்டவை. அவற்றை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

அதிகம் பேசப்படாதது அதன் தலைமைப் பஞ்சம். டி. எம். நாயர் 1919இல் லண்டனில் காலமானார். பிட்டி தியாகராயர் 1925இலும், முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் 1928இலும் மறைந்தனர். இம்மூவருக்குப் பின் எல்லோரையும் கட்டி நிறுத்தக்கூடிய ஒருவர் கட்சியில் இல்லை. 1930இல் ஆட்சியமைத்த பி. முனுசாமி நாயுடுவுக்கும் ஜமீன்தார் அணிக்கும் ஒத்துப்போகவில்லை. 1932 நவம்பரில் அவர் பதவி விலகினார். பொப்பிலி அரசர் முதலமைச்சரானார்.

அது உலகப் பொருளாதார மந்தம் நிலவிய காலம். விளைபொருளின் விலை விழுந்து, நிலவரி கட்ட முடியாமல் குடியானவர்கள் திண்டாடினர். அந்நேரத்தில் மாகாண அமைச்சர் ஒருவரின் மாதச் சம்பளம் 4,300 ரூபாய்க்கும் மேல். மத்திய மாகாணத்தில் அதே பதவிக்கு 2,250 ரூபாய்தான். இந்த ஒரு கணக்கே காங்கிரசுக்குப் போதுமான பிரசாரமாயிற்று. 1934இல் மத்திய சட்டசபைத் தேர்தலில் ஆற்காடு இராமசாமி முதலியார், ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்ற பெரும்புள்ளிகளே தோற்றனர். அதை எச்சரிக்கையாகக் கட்சி எடுத்துக்கொள்ளவில்லை.

1937 தேர்தலில் 215 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. நீதிக்கட்சிக்கு 18. பொப்பிலி அரசர் தம் சொந்த ஊரான பொப்பிலியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். அதன்பின் அவர் தீவிர அரசியலிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

எதிர்க்கட்சியாக இருப்பது எப்படி என்று இக்கட்சிக்குத் தெரியாது. ஊர்தோறும் கிளையோ, முழுநேரத் தொண்டரோ அதற்கு இல்லை. மாவட்டத்துச் செல்வரின் செல்வாக்கே அங்கு கட்சியாக இருந்தது. அரசுப் பதவியும் நியமனங்களும் போனபின் அந்தச் செல்வர்களைப் பிணைத்து வைக்க எதுவும் எஞ்சவில்லை. கட்சி 1935இல் தொடங்கிய 'விடுதலை' இதழையும் நடத்த முடியாமல் 1937இல் ஈ. வெ. ராமசாமியிடம் ஒப்படைத்தது. தலைமை அவர் கைக்கு வருவதற்கு முன்பே கட்சியின் குரல் அவர் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

சிறையிலிருந்த தலைவர்

ஈ. வெ. ரா. அதுவரை நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவர் அல்லர். 1925இல் காங்கிரசை விட்டு வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்தை நடத்தி வந்தார். தேர்தல்களில் நீதிக்கட்சியை ஆதரித்தார். அதன் ஜமீன்தார்களைக் கண்டிக்கவும் செய்தார்.

1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் 1,198 பேர் கைதாகினர். தண்டனை பெற்றவர்களில் 73 பெண்கள். அவர்களுடன் 32 குழந்தைகளும் சிறை சென்றன. நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தனர். திவான் பகதூர்களின் கட்சியால் கனவிலும் திரட்ட முடியாத கூட்டம் இது. கட்சிக்கு மக்கள் தேவைப்பட்டனர். மக்கள் ஈ. வெ. ரா. பக்கம் இருந்தனர். 1938 டிசம்பர் இறுதியில் சென்னையில் கூடிய மாநாடு, சிறையில் இருந்த அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவரது தலைமையுரையை ஏ. டி. பன்னீர்செல்வம் வாசித்தார்.

பன்னீர்செல்வத்தை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். 1937இன் தோல்வியிலும் வென்ற சிலருள் அவர் ஒருவர். 'சர்' பட்டம் பெற்றவர். தஞ்சை மாவட்டத்தில் செல்வாக்கு மிக்கவர். பழைய பிரமுகர்களும் அவரை மதித்தனர், சுயமரியாதைக்காரர்களும் நம்பினர். இந்தியா அமைச்சரின் ஆலோசகராகப் பொறுப்பேற்க லண்டனுக்குப் புறப்பட்ட அவர், 1940 மார்ச் 1 அன்று ஓமன் வளைகுடாப் பகுதியில் விமான விபத்தில் இறந்தார். இரு அணிகளுக்கும் இடையே பாலமாக இருந்தவர் அவரே என்பது என் கருத்து. அவர் இருந்திருந்தால் பிளவு தவிர்ந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இத்தனை கசப்பு இருந்திராது.

காங்கிரஸ் அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகியது. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி கைவிடப்பட்டது. கட்சிக்கு இப்போது வெற்றி இருந்தது, ஆனால் அடுத்து என்ன என்ற கேள்வியும் இருந்தது. பழைய தலைவர்கள் மீண்டும் அமைச்சரவையை எதிர்பார்த்தனர். ஆட்சியமைக்கும்படி 1940இலும் 1942இலும் வந்த அழைப்புகளை ஈ. வெ. ரா. மறுத்துவிட்டார். 1940 ஆகஸ்டில் திருவாரூர் மாநாட்டில் திராவிட நாடு கோரிக்கையை முன்வைத்தார். பதவிக்காகவே கட்சியில் இருந்தவர்களுக்கு இது பேரிடி. பதவியைக் கருதாத சிலருக்கும் மனக்குறை இருந்தது. பி. டி. ராஜனை எடுத்துக்கொள்வோம். 1936இல் சில மாதங்கள் முதலமைச்சராக இருந்தவர். ஆழ்ந்த பக்தர். பிற்காலத்தில் சபரிமலைக்கு ஐயப்பன் திருவுருவத்தைச் செய்தளித்தவர்களுள் ஒருவர். சமூக நீதிக்கு உடன்பட்ட அவரால் கடவுள் மறுப்புக்கு உடன்பட இயலாது. அதைச் சுயநலம் என்று சொல்லிவிட முடியுமா?

சேலம்

1944 தொடக்கத்திலிருந்தே தலைமையை மாற்றும் முயற்சிகள் நடந்தன. 'சண்டே அப்சர்வர்' இதழாசிரியர் பாலசுப்பிரமணிய முதலியார் அவ்வணியின் முக்கிய குரல். மறுபுறம் இளைஞர்கள் சி. என். அண்ணாதுரையின் பின் நின்றனர். 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில் அவர் பெயராலேயே வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. ராவ் பகதூர், திவான் பகதூர் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும், பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும், அரசு நியமனப் பதவிகளிலிருந்து விலக வேண்டும் என்று அது உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தியது.

வெளிப்பார்வைக்கு இவை சிறிய நிபந்தனைகள். ஆனால் அக்கட்சியின் வரலாற்றை எழுதப் புகுந்தால் செட்டியார், முதலியார், நாயுடு, ரெட்டி இல்லாமல் ஒரு பத்தியும் நகராது. இக்கட்டுரையிலும் அப்படித்தான். பழைய தலைவர்களில் பலருக்குப் பட்டமும் பதவியும் வாழ்நாள் உழைப்பின் அடையாளம். அவற்றைக் கழற்றிவிட்டு வா என்பது, வெளியே போ என்று சொல்வதற்குச் சமம். தீர்மானம் கொண்டு வந்தவர்களுக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். பெயர் மாற்றம் இத்தனைக்கும் பிறகு வந்தது.

இதில் இழப்பும் உண்டு. திராவிடர் கழகம் தேர்தலில் நிற்காத இயக்கமாயிற்று. 1946 தேர்தலில் காங்கிரசை எதிர்த்து நிற்க, ஆட்சி நடத்திப் பழகிய வலுவான எதிர்க்கட்சி ஒன்று மாகாணத்தில் இல்லாமல் போனது. பி. டி. ராஜன் போன்றோரின் வாதம் இதுவே: சட்டமன்றத்தை விட்டுவிட்டால், அரசாணைகளைப் பெறுவதும் காப்பதும் யார்?

சேலம் முடிவை ஏற்காதவர்கள், தாங்களே உண்மையான நீதிக்கட்சி என்று அறிவித்துத் தனியே இயங்கினர். முதலில் பி. ராமச்சந்திர ரெட்டியும் பின்னர் பி. டி. ராஜனும் தலைமை ஏற்றனர். பெயர் அவர்களிடம் இருந்தது, தொண்டர்கள் பெரும்பாலும் மறுபக்கம் போயிருந்தனர். வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த 1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் நீதிக்கட்சி 9 சட்டமன்றத் தொகுதிகளில் நின்றது. கம்பத்தில் பி. டி. ராஜன் மட்டும் வென்றார்.