அன்னபூரணி புறப்படுமுன்

கடற்பயண வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நடுக்கடலைப் பற்றியே எழுதுகிறார்கள். புயலும் திசை தப்புதலும் குடிநீர்த் தட்டும் படிப்பதற்குச் சுவையான செய்திகள். ஆனால், ஒரு பயணம் கரை சேருமா சேராதா என்பது பெரும்பாலும் கப்பல் துறையில் நிற்கும்போதே முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து. பெருங்கடலில் இறங்குமுன் ஒரு கப்பல் துறையில் தங்கும் அந்த நாட்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் பகுதியிலிருந்தே தொடங்குவோம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு இரயிலில் செல்லும் நீங்கள் பரங்கிமலையை நாள்தோறும் பார்க்கிறீர்கள். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள இக்குன்று, முற்காலக் கப்பலோட்டிகளுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று அறிவித்த அடையாளம். தெற்கே கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் பண்டகசாலை வைத்திருந்தனர். ஆயினும், இக்கரையில் கப்பல் ஒதுங்குவதற்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைக் கடந்தன. 1746ஆம் ஆண்டு சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபர் மாதத்திலும் இங்கேயே நின்றான். பகைவரால் அழியாத அவனுடைய கப்பற்படை புயலால் சிதைந்தது. எப்போது தங்குவது, எப்போது புறப்படுவது என்னும் அறிவே கடலோடியின் முதற்கல்வி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வறிவில் தேர்ந்த தமிழர் பலர் வாழ்ந்த ஊர், யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை. நம் சோழமண்டலக் கரைக்கும் பர்மாவுக்கும் பாய்மரக் கப்பல் ஓட்டி வாணிகம் செய்தவர்கள் அவ்வூரார். 1930ஆம் ஆண்டு அங்கே சுந்தர மேத்திரியார் என்னும் கைவினைஞர் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் ஒன்றைக் கட்டி முடித்தார். அதன் நீளம் 89 அடி. ‘அன்னபூரணி அம்மாள்’ என்பது அதற்கு இட்ட பெயர்.

இனி, அமெரிக்கத் தம்பதியர் இருவரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்பவர் 32 அடி நீளமே உள்ள ஒரு சிறு பாய்க்கப்பலில் 1928ஆம் ஆண்டு புறப்பட்டு 1931ஆம் ஆண்டு உலகைச் சுற்றி முடித்தவர். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்வாப்’. கனவைக் குறிக்கும் வடசொல் அது. பின்னர் அவர் பிளாரென்ஸ் கிரேன் என்னும் பெண்மணியை மணந்தார். மணமக்கள் அதே சிறு கப்பலில் பயணம் போயினர். 1934ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் தங்கியிருந்தபோது ராபின்சனின் குடல்வால் வீங்கி உடைந்தது. மருத்துவர் இல்லாத தீவு. உயிருக்குப் போராடும் கணவர். அருகில் பிளாரென்ஸ் அம்மையார். வானொலிச் செய்தி பனாமாவுக்கு எட்டி, அங்கிருந்து விமானங்களும் ஒரு போர்க்கப்பலும் விரைந்ததனாலேயே அவர் பிழைத்தார். தங்குமிடம் எதுவென்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அத்தம்பதியர் இவ்வாறு உணர்ந்தனர்.

ஆனால், கடல் அவரை விடவில்லை. அவர் அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். சென்னைக் கிறித்துவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த அதே 1937ஆம் ஆண்டில் அன்னபூரணியும் தான் பிறந்த கரையை விட்டுப் புறப்பட்டது. கப்பலுக்குப் புதுப்பெயர், ‘பிளாரென்ஸ் சி. ராபின்சன்’. கணவர் தம் மனைவிக்குச் செய்த சிறப்பு அது.

இத்தகைய கப்பல் பெருங்கடலில் இறங்குமுன் துறையில் என்னென்ன வேலைகள் நடைபெறும்? முதலாவது, உடலைச் சோதித்தல். மரக்கப்பலின் பலகைகளுக்கிடையே உள்ள இடுக்கு ஒவ்வொன்றையும் அடைத்தாக வேண்டும். இதனைக் கலப்பற்றுதல் என்பர். மயிரிழை அளவுள்ள இடுக்கும் நடுக்கடலில் ஆளை விழுங்கும். இரண்டாவது, பாயும் கயிறும். தேய்ந்த கயிறு துறையில் அறுந்தால் சிரிப்பு. அட்லாண்டிக்கில் அறுந்தால் சாவு. மூன்றாவது, தண்ணீரும் உணவும். எத்தனை ஆட்கள், எத்தனை நாட்கள் என்று கணக்கிட்டு, காற்று விழுந்துவிட்டால் கழியும் நாட்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். நான்காவது, காற்றுக்குக் காத்திருத்தல். அரபிக் கடலில் மேற்கு நோக்கிச் செல்வதற்கு வடகிழக்குப் பருவக்காற்றுத் துணை செய்யும். தென்மேற்குப் பருவக்காற்று எதிர்த்து நிற்கும். காற்றை எதிர்த்துப் பிடிவாதம் செய்பவன் வீரன் அல்லன். காத்திருக்கத் தெரிந்தவனே கடலோடி.

இவ்வாறு புறப்பட்ட கப்பல் செங்கடலையும் சூயசுக் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்தது. ஜிப்ரால்டரில் தங்கி, அட்லாண்டிக்கில் இறங்கி, பெர்முடாத் தீவை அடைந்தது. 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளாஸ்டர் துறைக்குள் நுழைந்தது. அப்போது கப்பலின் தலைவர் அவ்வூரைச் சேர்ந்த டொனால்டு மக்கூஷ். அவரோடு பாய் கட்டி, கயிறு இழுத்து, சுக்கான் பிடித்து வந்தவர்களில் ஐவர் வல்வெட்டித்துறைத் தமிழர். அவர்களுள் மூத்தவர் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. கிளாஸ்டர் என்பது தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் கட்டி மீன்பிடித்த ஊர். கப்பலின் அருமை தெரிந்தவர் கண்முன் நம் கைவினைஞரின் கப்பல் போய் நின்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இந்தக் கப்பலை எந்தப் பெயரால் நினைவு கூர்வது? வாங்கியவர் தம் மனைவியின் பெயரை இட்டது உரிமையே. அதில் குற்றம் காண நான் விரும்பவில்லை. அவர் தம் கையால் சுக்கான் பிடித்துக் கடலைக் கற்றவர். இக்கப்பலின் உறுதியை அறிந்தே தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வே மேத்திரியாருக்கு ஒரு நற்சான்று. ஆனால், பெயர் மாறிய பொருளின் வரலாறு எளிதில் பாதியாகிவிடுகிறது. புதுப்பெயரை மட்டும் கண்டவருக்கு இது அமெரிக்கர் ஒருவரின் உல்லாசக் கப்பல். பழைய பெயரையும் அறிந்தவருக்கு, ஓர் ஊரின் தச்சுக் கலையும் காற்றறிவும் ஐந்து மாலுமிகளின் துணிவும் அதில் தெரியும். இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

கப்பலின் பெயரைப் பதிவேடு காக்கும். எந்த மரத்தை எங்கே வளைப்பது, எந்த மேகத்தைக் கண்டால் பாயை இறக்குவது என்னும் அறிவை எந்தப் பதிவேடும் தானே காப்பதில்லை. அது மனிதரோடு பிறந்து மனிதரோடு போய்விடுவது. கோவளத்திலும் திருவான்மியூரிலும் கடலைப் பார்த்துக் காற்றைக் கணிக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். மாணவ நண்பர்களே, ஒரு விடுமுறை நாளில் குறிப்பேட்டோடு அவர்களிடம் செல்லுங்கள். படகின் ஒவ்வோர் உறுப்புக்கும், ஒவ்வொரு காற்றுக்கும் அவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் புறப்படுமுன் நாம் செய்து முடிக்க வேண்டிய வேலை அது.